ஐந்து பேர் போதுமா?

“வெறும் ஐந்து பேரிடம் பார்த்துவிட்டு வெற்றி என்கிறார்களே, மாப்பிள்ளை?” என்று பல்லடத்து மச்சான் குடும்பக் குழுவில் கேட்டிருந்தார். வேலூர் சி.எம்.சி.யில் கடுமையான ஹீமோபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உள்ளவர்களுக்கு மரபணு சிகிச்சை கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின அல்லவா, அதைப் பற்றித்தான்.

கேள்வி நியாயம்தான். ஆனால் இது ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் நோய். காய்ச்சல் மாத்திரைக்குத் திரட்டுவதுபோல ஆயிரம் பேரைத் திரட்ட முடியாது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் தண்ணீர் ஊசி என்று பிரிக்கவும் மனம் வராது; முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து வீங்கிக் கிடப்பவனுக்குத் தண்ணீர் ஊசியா போடுவது? ஆகவே, சிகிச்சைக்கு முன் அவரவருக்கு எத்தனை முறை கசிந்தது, பின் எத்தனை முறை கசிந்தது என்பதே அங்கு அளவுகோல். ஐவரில் ஒருவருக்கும் அதன்பின் கசிவு இல்லை என்பது சாதாரணச் செய்தியல்ல.

பெரியம்மா இதே நோயுள்ள தன் மகனுக்கு இந்தக் கணக்கைத் தறிக்கூலி நோட்டின் பின்பக்கங்களில் எழுதி வருகிறார். தேதி, எந்த மூட்டு, எத்தனை யூனிட் ஃபேக்டர் (ரத்தம் உறைய ஊசியில் ஏற்றும் புரதம்). உறவினர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மருத்துவர் சிரித்ததில்லை.

இருந்தாலும் மச்சானின் சந்தேகத்தில் பாதி எனக்கும் உண்டு. முடிவுகளில் சொல்லும் 81 மாதக் கண்காணிப்பு என்பது ஐவருக்கும் சேர்த்து. ஆளுக்குப் பார்த்தால் சராசரியாகப் பதினாறு மாதம்தான். நோயாளியின் ரத்தத்திலிருந்தே குருத்தணுக்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை) எடுத்து, அவற்றுக்குள் ஃபேக்டரை உண்டாக்கும் மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றுகிறார்கள். அதற்கு முன் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்யக் கீமோ மருந்தும் உண்டு. சேர்த்த மரபணு தவறான இடத்தில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இத்தகைய சிகிச்சைகளுக்கு 15 ஆண்டு வரை கண்காணிப்பைக் கேட்பது அதனால்தான்.

ஆனால் இதில் சேர்பவர்களைச் “சோதனை எலி” என்று சொல்லும் பேச்சு மட்டும் எனக்கு ஆகாது. எலியிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. பாதியில் விலகவும் உரிமை உண்டு. ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஒரு குடும்பத்துக்கு இப்படி அழைப்பு வந்தால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். பத்தாவது வருடப் பரிசோதனைக்கு ரயில் செலவை யார் கொடுப்பார்கள் என்பதையும் சங்கடப்படாமல் கேளுங்கள். நூல் விலையில் பைசாவுக்கு மல்லுக்கட்டும் ஊர்தானே நம்முடையது!