அதிகாரம் இல்லையாம், நம்புவம்

முந்தநாள் கூட்டத்தில துறைமுக அதிகாரசபை ஐயாவிட்டை, காங்கேசன்துறைத் துறைமுகத்தில எங்கட வெங்காயம் ஏத்த ஒரு களஞ்சியம் கட்டித் தாங்கோ எண்டு எழும்பி நிண்டு கேட்டன், வீடியோவும் பாத்திட்டியள். "காங்கேசன்துறையில களஞ்சியம் கட்டுறதெல்லாம் எங்கட வேலையில்லை, சட்டத்தில இடமில்லை" எண்டார் ஐயா. நான் கதிரையில இருந்து எழும்பினதுதான் பிழையாம்.

1979 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தை ஒருக்கால் திறந்து பாருங்கோ ஐயா. துறைமுக அதிகாரசபை பிறந்ததே அதாலதான். துறைமுகத்தை அபிவிருத்தி செய்யிறது, சாமான் ஏத்தி இறக்கிக் களஞ்சியப்படுத்துறது, கட்டணம் அறவிடுறது, காணி பூமி வைச்சிருக்கிறது எல்லாம் அதில கிடக்கு. அதிகாரம் இருக்கு, மனந்தான் இல்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல சீனக் கொம்பனிக்கு 99 வருசக் குத்தகைக்குக் குடுக்கேக்க ஒருத்தரும் சட்டத்தில இடமில்லையெண்டு கையை விரிக்கேல்லையே?

"துறைமுகம் மாகாணசபைக்குரிய விசயமில்லை" எண்டு அந்த வீடியோவுக்குக் கீழ ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஓம் தம்பி, அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தத்தில அது மத்திய அரசுக்கு ஒதுக்கின விசயம். அதாலதானே மத்தியின்ர அதிகாரசபையைக் கேக்கிறன். வேற ஆரைக் கேக்க, நல்லூர்க் கந்தனையோ?

"அம்பாந்தோட்டை மாதிரி விக்கச் சொல்லுறியோ" எண்டு இன்னொருத்தர். ஒரு களஞ்சியம் கேட்டா நாட்டை வித்ததோ? விடுங்கோ.

நியூயோர்க்கில 1921இல தொடங்கின துறைமுக அதிகாரசபைதான் இரட்டைக் கோபுரத்தையே கட்டினது. கட்டடம் கட்டுறதும் துறைமுக வேலையோ எண்டு அந்த இடத்தில இருந்த கடைக்காரர் வழக்குப் போட்டவை. 1963இல கோர்ட் அதிகாரசபையின்ர பக்கம் நிண்டது. அந்தக் கடைகள் எல்லாம் போச்சு. அதை வாசிச்ச அண்டு எனக்கு நித்திரை வரேல்லை, ஏனெண்டா எங்கட வளவும் அப்பிடித்தான்.

1990 ஆனியில சண்டைக்க ரெண்டு சாக்கோட வளவை விட்டு வெளிக்கிட்டம், பிறகு அது படையின்ர வேலிக்குள்ள போச்சு. அப்பா சீமெந்துத் தொழிற்சாலைச் சங்கு ஊதினா மணிக்கூடு பாக்காமலே வேலைக்குப் போன மனுசன். அதுக்குப் பிறகு கூரையில்லாத சுவரைத்தான் பாத்தார், அதுவும் வேலிக்கு வெளியில நிண்டு.

"காணியை எடுத்தது படை, துறைமுகக்காரர் இல்லை" எண்டுவியள். தெரியும். எடுக்கேக்க அரசாங்கம் ஒண்டு, கேக்கேக்க மட்டும் ஒவ்வொரு கந்தோரும் தனித்தனியோ? எடுக்க அதிகாரம் இருக்கு, குடுக்கத்தான் இல்லையாம்.

2023 ஐப்பசியில நாகபட்டினத்துப் பயணிகள் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்த அண்டு மாலை போட, படம் எடுக்க எல்லாருக்கும் அதிகாரம் இருந்தது. சனம் சூட்கேசோட வந்து இறங்கினது. எங்கட வெங்காயம் ஏறுற நாள் எப்ப?

அடுத்த கூட்டத்துக்கு அந்தச் சட்டத்தைத் தமிழிலயே போட்டோகொப்பி அடிச்சுக் கொண்டு வாறன். என்னை இருக்கச் சொல்லாதேங்கோ. வடையும் வேண்டாம்.