பந்திப்பூர் கேட்டில் விடிந்த இரவு
ஒரு கச்சேரிக்காக ஊர் விட்டு ஊர் போவது வீண் அலைச்சல் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அலைச்சல்தான், மறுக்கவில்லை. 2011 அக்டோபர் 30, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் கச்சேரி. ஊட்டியிலிருந்து நான்கு பேர் சித்தப்பாவின் பழைய வேனில் கிளம்பினோம். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே பிரேக் கருகும் வாடை. மசினகுடியில் நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை டீ குடித்தோம். இரண்டு நாள் முன்புதான் டெல்லிப் பக்கம் நடக்கவிருந்த அவர்களின் நிகழ்ச்சி ரத்தாகியிருந்தது. அந்தக் கிலி வேறு. நல்லவேளை, இங்கே நடந்தது. திரும்பும்போதுதான் வினை: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. மூடிய கேட்டின் முன் லாரிகளுக்கு நடுவே, காது இரைய, ஒரே கம்பளிக்குள் விடியும்வரை கிடந்தோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்ததால் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை.