அழாமல் போகும் பிள்ளையைக் கூடுதலாகக் கவனியுங்கள்

"முதல் நாளே அழாம டாட்டா காட்டிட்டு உள்ளே போயிட்டான், ரொம்ப சமத்து" என்று, பிள்ளையை மழலையர் பள்ளியில் சேர்த்த தத்துப் பெற்றோர் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் மெச்சுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் கவலை வருகிறது. பெற்றவள், காப்பகத்து ஆயா, இடையில் வளர்த்தவர்கள் என்று மூன்று வயதுக்குள் பல கை மாறிய பிள்ளைக்குப் புது ஆட்களிடம் ஒட்டிக்கொள்வது பிழைப்பதற்குக் கற்ற வழியாகவும் இருக்கலாம்.

1950களில் குழந்தைகளின் மனதை ஆராய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பவுல்பியும் மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்திருந்த சிறு குழந்தைகளைக் கவனித்தார்கள். முதலில் கத்தி அழுகை, பிறகு சோர்ந்து ஒடுங்குதல், கடைசியில் ஒட்டாமை. அந்தக் கடைசிக் கட்டத்தில் பிள்ளை நர்ஸிடம் சிரிக்கும், ஒழுங்காகச் சாப்பிடும். அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைத்தான் ஊழியர்கள் 'பழகிவிட்டது' என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதனால், விட்டுவிட்டு வரும் நேரத்தைவிடக் கூப்பிடப் போகும் நேரத்தைக் கூர்ந்து பாருங்கள். ஓடி வந்தால் நல்லது. கோபித்துக்கொண்டு அழுதால்கூட நல்லதுதான், உங்களைத் தேடியிருக்கிறது. பார்த்தும் பார்க்காததுபோல் விளையாடிக்கொண்டிருந்து, அது நாள் கணக்கில் நீடித்தால், பள்ளி நேரத்தைக் குறையுங்கள்.

எப்போது சேர்க்கலாம்? பிறந்த தேதியைவிட வீட்டுக்கு வந்த தேதிதான் முக்கியம். கீழே விழுந்தால் உங்களிடம் ஓடி வருகிறதா? பக்கத்து அறைக்குப் போனால் தேடுகிறதா? தூக்கினால் அழுகை அடங்குகிறதா? இவை இன்னும் வரவில்லை என்றால், முடிந்தவரை தள்ளிப்போடுவதே நல்லது. எண்ணும் எழுத்தும் எங்கும் ஓடிவிடாது.

பிள்ளையைப் பள்ளிக்குப் பழக்குவதற்கு, ஜெர்மனியின் மழலையர் பள்ளிகளில் பின்பற்றும் பெர்லின் முறை என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாளும் அம்மாவோ அப்பாவோ வகுப்பிலேயே சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிள்ளையோடு கிளம்பிவிட வேண்டும். பிரிவே கிடையாது. நான்காம் நாள் சொல்லிவிட்டு வெளியே போகலாம், அதிகபட்சம் அரை மணி. டீச்சரால் சமாதானப்படுத்த முடியாவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும். விடுமுறை முடிந்த திங்கட்கிழமையில் முதல் பிரிவு வேண்டாம். தத்துப் பிள்ளைக்கு இந்த ஒவ்வொரு படியையும் இரண்டு மடங்கு நீட்டலாம்.

கண் மறைவாக நழுவிப் போகவே கூடாது. ஏற்கெனவே காணாமல் போனவர்களைப் பார்த்த பிள்ளை அது. ஒரு முத்தம், ஒரே வாக்கியம், கிளம்பு: "சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்." மூன்று வயதுக்குக் கடிகாரம் புரியாது, சாப்பாடு புரியும். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வாசலில் நில்லுங்கள். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பக் கடைசியாக நிற்பது இந்தப் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை. முதல் சில வாரங்கள் கூப்பிட வருபவர் ஒருவராகவே இருக்கட்டும்.

பலரும் யோசிக்காத இடம் மதியத் தூக்கம். திரையை இழுத்து இருட்டாக்கி, வரிசையாகப் படுக்கை விரித்து, "கண்ணை மூடு" என்பார்கள். காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த அறையே பழைய இடமாகத் தெரியலாம். காலை முழுக்கச் சிரித்த பிள்ளை அங்கே விறைத்துக் கிடந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஆரம்பத்தில் தூக்க நேரத்துக்கு முன்பே கூட்டி வந்துவிடுங்கள். பிறகு சேர்க்கும்போது உங்கள் வாசனை உள்ள, துவைக்காத துணி ஒன்றைப் பையில் வையுங்கள், ஓரமாகவோ வெளிச்சம் விழும் பக்கமாகவோ படுக்கை கேளுங்கள்.

டீச்சரிடம் எவ்வளவு சொல்வது? பிள்ளையின் கடந்த காலக் கதை பிள்ளைக்குச் சொந்தம், அதை முழுதாகக் கொட்ட வேண்டியதில்லை. நடந்துகொள்ள வேண்டிய விதத்தை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். தனியாக மூலையில் நிறுத்தக் கூடாது, பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். பிஸ்கட்டைப் பாக்கெட்டில் பதுக்கினால் திட்டக் கூடாது, சாப்பாட்டைத் தண்டனையாகப் பிடித்துவைக்கவும் கூடாது. "இப்படிப் பண்ணினா அம்மா வர மாட்டாங்க" என்ற பேச்சு விளையாட்டுக்குக்கூட வேண்டாம். கைக்குழந்தைப் படம் கொண்டுவரச் சொல்வதும் குடும்ப மரம் வரைவதும் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லுங்கள். 'என்னைப் பார்த்துக்கொள்பவர்கள்' என்று வரையச் சொன்னால் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும்.

சிக்கல் பெரும்பாலும் முதல் வாரத்தில் வராது. புதுமை தீர்ந்தபின், இரண்டு மூன்று வாரம் கழித்து, படுக்கையை நனைப்பது, மழலைப் பேச்சுக்குத் திரும்புவது, வீட்டுக்கு வந்ததும் ஒன்றுமில்லாததற்கு உருண்டு அழுவது என்று தொடங்கலாம். பகல் முழுக்க அடக்கி வைத்ததை நம்பும் இடத்தில் இறக்குகிறது. கேள்வி கேட்டுக் குடையாமல் முதலில் எதையாவது சாப்பிடக் கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வேறு வகுப்பு எதுவும் வேண்டாம்.

காய்ச்சலில் ஒரு வாரம் லீவு, நீண்ட விடுமுறை, பழகிய டீச்சர் மாறுவது – இவற்றுக்குப் பிறகு பழைய அழுகை திரும்பும். அப்போது முழு நாள் அனுப்பாமல், அரை நாளில் தொடங்கி மறுபடி கூட்டிக்கொண்டே போங்கள்.