முக்கோணத்தைக் கொஞ்சம் தலைகீழாகப் பிடித்துக் காட்டுங்கள்

பிள்ளைகளுக்கு வடிவம் சொல்லித்தரும் சார்ட்டில் இருக்கிற முக்கோணம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடி தட்டையாக, கூர் மேலே. அதையே தலைகீழாகக் காட்டினால் நாலு வயதுக் குழந்தை “இது முக்கோணம் இல்லை” என்று சாதிக்கும். சதுரத்தைச் சாய்த்துப் பிடித்தால் “டைமண்ட்”. சின்னப் பிள்ளைகள் பக்கத்தை எண்ணுவதில்லை, மொத்தத் தோற்றத்தைப் பார்த்தே வடிவத்தைச் சொல்கிறார்கள் என்று ஹாலந்தின் வான் ஹீலே தம்பதி 1957-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். நாம் இன்னும் சார்ட்டை விட்டபாடில்லை.

பாலக்காட்டில் எங்கள் சித்தூர் தாலுகாப் பக்கம் இப்போது எல்லாம் ‘ஆக்டிவிட்டி’ மயம். ஃபோம் ஷீட்டில் வட்டம், சதுரம் வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டுவது யார்? ராத்திரி சமையலறையை ஒதுக்கிவிட்டு உட்காரும் அம்மா. குழந்தை பசை தடவுவதோடு சரி. இதற்குச் செய்முறை என்று பெயர்!

காசே வேண்டாம். தென்னை ஈர்க்குச்சியை ஒடித்து, முனைகளைக் களிமண் உருண்டையில் குத்தி ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும் செய்யச் சொல்லுங்கள். பிறகு மூலையைப் பிடித்து மெதுவாகத் தள்ளட்டும். சதுரம் கோணிக்கொண்டு சாயும். முக்கோணம், மண் பிய்ந்தால் ஒழிய, அசையாது. ஓட்டு வீட்டுக் கூரையில் இருக்கிற முக்கோணத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்ல இதுதான் நேரம். அடுத்து ஒரு நீளக் குச்சியும், இரண்டையும் சேர்த்து வைத்தாலும் அந்த நீளத்துக்கு வராத இரண்டு குட்டைக் குச்சியும் கொடுத்து முக்கோணம் கட்டச் சொல்லுங்கள். என்ன செய்தாலும் மூடாது. குழந்தை மல்லுக்கட்டட்டும், நாம் வாயைத் திறக்கக் கூடாது. இது நமக்குத்தான் கஷ்டம்.

1837-ல் ஜெர்மனியில் குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கிய ஃப்ரோபெல், பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம் என்றுதான் கையில் கொடுத்தார். தட்டை வடிவமெல்லாம் அப்புறம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பனைக்கா பஞ்சம்? நுங்கு தின்ற காய் இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி ஓட்டுகிற பிள்ளைக்கு எது உருளும் என்று சார்ட்டைக் காட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

“நோட்டில் ஒண்ணுமே ஒட்டலையே டீச்சர்” என்று அங்கன்வாடி வாசலில் நிற்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை என்ன ஒட்டியது என்று கேட்காதீர்கள், எதைக் கட்டி எது சாய்ந்தது என்று கேளுங்கள். ஈர்க்கு முனை கூர்மை, கண்ணில் குத்திவிடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஈர்க்கே வேண்டாம், களிமண் மட்டும் போதும்.