படம் எங்கே சார்?

ரயிலில் புத்தகம் படிக்கிறவன் வேலையற்றவன், அவனை யாரும் எப்போதும் தோண்டலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? நேற்று தாம்பரம் தாண்டியதும் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் எழுதிய தொகுப்பு ஒன்றைப் பிரித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த குற்றம்.

"என்ன சார் சிரிப்பு?" பக்கத்து இருக்கைக்காரர் கையை நீட்டினார். நாக்கில் விரலைத் தொட்டு ஒரு பக்கம். மறுபடி நாக்கு, அடுத்த பக்கம். செங்கல்பட்டு வரும்வரை நாக்கும் விரலும்தான். பிறகு தீர்ப்பு வந்தது:

"கார்ட்டூன்காரர் என்கிறீர்கள். படத்தையே காணோமே?"

"இது அவர் எழுதியது."

"எழுதவும் வருமா?"

வராதா? 1951-இல் தொடங்கி அரை நூற்றாண்டு, சின்னக் கட்டத்துக்கு அடியில் ஒற்றை வரி எழுதியே அமைச்சர்களின் மானத்தை வாங்கியவருக்கு எழுத வராதா? நாவல், சிறுகதை, சுயசரிதை எல்லாம் எழுதியிருக்கிறார் ஐயா! காக்கையை வரைவதற்காக உற்றுப் பார்த்த அதே கண்ணால் மனிதர்களையும் பார்த்து எழுதியவர்.

"மால்குடி கதைகள்கூட இவர்தானே?"

"அது இவருடைய அண்ணன் ஆர்.கே. நாராயண். இவர் படம் போட்டார்."

இதைச் சொல்லியிருக்கவே கூடாது. மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்கள்! இதையும் அண்ணன்தான் எழுதிக் கொடுத்திருப்பார்."

பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி, திறமை போதாது என்று லக்ஷ்மணுக்கு இடம் தரவில்லை. அவர்களாவது படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். இவர் ஒரு வரி படிக்கவில்லை!

விழுப்புரம் வருவதற்குள் புத்தகத்தை வயிற்றின்மேல் கவிழ்த்துக்கொண்டு உறங்கிவிட்டார். எழுப்ப மனமில்லை, பிடுங்கத் துணிவில்லை. அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் வந்தார். பக்க அடையாளத்துக்கு நான் செருகியிருந்த டிக்கெட்டோ, குறட்டைக்குத் தகுந்தபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் வயிற்றைக் காட்டினேன். பரிசோதகர் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வயிற்றைப் பார்த்தார். லக்ஷ்மணின் கார்ட்டூன்களில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கும் சாமானியர், அந்தக் கட்டம் போட்ட கோட்டுக்காரர், கடைசிவரை ஏன் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு பீறிட்டுவிட்டது.

விழித்துக்கொண்டார். "மறுபடியும் என்ன சார் சிரிப்பு?"

அவரை விடுங்கள். காபி என்று கூவிக்கொண்டு வந்து பழுப்பு நிற வெந்நீரை ஊற்றிவிட்டுப் போகிறார்களே, அதை யாரிடம் சொல்லி அழுவது?