யொவானா தம்ஞானோவிச்சும் மாற்று இருக்கையும்

பெண்கள் கால்பந்தை என்னைப் போலவே விடாமல் பார்க்கும் நண்பர் ஒருவர், ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணியின் செர்பிய முன்கள வீராங்கனை யொவானா தம்ஞானோவிச்சைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "பெஞ்சில் உட்கார்ந்தே பட்டம் வாங்கியவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தொடக்கப் பதினொருவரில் அவர் ஆடிய காலங்களும் உண்டு என்பதால் அது மிகை. ஆனால் அந்த வரியில் என்னை உறுத்தியது மிகையல்ல. வெளிநாட்டில் ஆடும் ஒரு வீராங்கனை எந்தக் கணக்குப் போட்டு ஓர் இடத்தில் இருக்கிறார், எந்தக் கணக்குப் போட்டுக் கிளம்புகிறார் என்பதை நாம் யோசிப்பதே இல்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பிற மொழிக்காரர்கள் தடுமாறும் அந்தப் பெயர் நமக்குச் சிக்கலே இல்லை. செர்பிய எழுத்தில் அதற்கென்று தனியாக இருக்கும் ஒலி நம் 'ஞ'தான். தம்-ஞா-னோ-விச். அவ்வளவே.

1994 நவம்பர் 24 அன்று பெல்கிரேடில் பிறந்தவர், அந்நகரத்தின் ட்சர்வேனா ஸ்வெஸ்தா கிளப்பில், அதாவது 'சிவப்பு நட்சத்திரத்தில்' வளர்ந்தார். ஆண்கள் அணி 1991இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிளப் அது. பெண்கள் கால்பந்தில் நிலைமை வேறு. முன்பு நீஷ் நகரத்து மஷினாட்ஸ், 2011 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக சுபோத்திட்சாவின் ஸ்பார்த்தக் என்று, ஒரே அணி ஆண்டுக்கணக்கில் லீக்கைச் சுருட்டிக்கொண்டு போவதே அங்கே வழக்கம். அப்படிப்பட்ட லீக்கில் கோல் அடிப்பதால் ஒரு முன்கள வீராங்கனையின் தரம் உயர்வதில்லை. இதை விரைவில் புரிந்துகொண்டவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

2013இல் அவர் போய்ச் சேர்ந்தது ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க். அந்த ஆண்டுதான் அந்த அணி லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒருசேர வென்றிருந்தது. அலெக்ஸாண்ட்ரா பாப், மார்ட்டினா முல்லர் போன்றவர்கள் முன்வரிசையில் நின்ற அணியில் ஒரு செர்பியப் பெண்ணுக்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும்? மிகச் சொற்பம். 2014இல் லிஸ்பனில் ஸ்வீடனின் டியூரேசோ அணியை 4-3 என்று வீழ்த்தி வோல்ஃப்ஸ்பர்க் மறுபடி ஐரோப்பிய சாம்பியன் ஆனபோது அவர் அந்த அணியைச் சேர்ந்தவர்தான். அதை மட்டும் சொல்லி வாழ்நாள் முழுவதும் பேட்டி கொடுக்கலாம். அவரோ 2015இல் சாண்டுக்குப் போனார்.

சாண்ட் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பாருங்கள். ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர். இந்தப் பக்கம் வில்ஷ்டெட் என்ற சிற்றூரின் ஒரு பகுதியாக, ஒரு கிராமம். வோல்க்ஸ்வாகன் தொழிற்சாலையின் பணபலத்தோடு ஐரோப்பாவையே ஆண்ட அணியிலிருந்து, தன் பெயரைச் சொன்னால் ஜெர்மானியர்களே "அது எங்கே?" என்று கேட்கக்கூடிய அணிக்கு இருபது வயதில் இறங்கி வருவதை நான் துணிச்சல் என்றே சொல்வேன். மேலே போவதற்கு ஆசை போதும். கீழே இறங்குவதற்குத்தான் தன் ஆட்டத்தைப் பற்றிய தெளிவு வேண்டும். முன்கள ஆட்டக்காரரின் தொழில் பயிற்சி மைதானத்தில் முழுதாகப் படியாது. தடுப்பாட்டக்காரரை முதுகில் தாங்கிக்கொண்டு பந்தை எந்த நொடியில் விடுவது, கோல்காப்பாளர் எந்தக் காலில் எடை போட்டிருக்கிறார் என்பதையெல்லாம் தொண்ணூறு நிமிடமும் ஆடி, தவறவிட்டு, அடுத்த வாரமும் ஆடித்தான் கற்க முடியும். சாண்ட் அவருக்குத் தந்தது அந்த 'அடுத்த வாரத்தை'.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 2016இல் அந்தக் கிராமத்து அணி ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது. கொலோன் நகரத்தின் பெரிய மைதானம். எதிரே அதே வோல்ஃப்ஸ்பர்க். ஹங்கேரியின் ஜனெட் யாகபி இரண்டு கோல் அடித்து 2-1 என்று சாண்டைத் தோற்கடித்தார். சாண்டின் அந்த ஒற்றை கோலை அடித்தவர் தம்ஞானோவிச். தன்னை ஓரத்தில் உட்கார வைத்திருந்த அணியின் வலைக்குள் இறுதி ஆட்டத்தில் பந்தை அனுப்புவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? அடுத்த ஆண்டும் சாண்ட் இறுதிக்கு வந்து, அதே வோல்ஃப்ஸ்பர்க்கிடம், அதே 2-1 என்ற கணக்கில் தோற்றது.

2017இல் பயர்ன் அவரை அழைத்துக்கொண்டது. அதே கோடையில்தான் நெதர்லாந்தின் முன்கள வீராங்கனை விவியன் மீடெமா அங்கிருந்து இங்கிலாந்தின் ஆர்சனலுக்குப் போனார். அந்தக் காலி இடத்தின் கனத்தைச் சொல்லத் தேவையில்லை. பிறகும் முன்வரிசைக்கு யாராவது வந்துகொண்டே இருந்தார்கள்: லியா ஷூலர், கிளாரா ப்யூல், கடைசியாக பெர்னில்லே ஹார்டர். 2024-25 வரையிலான எட்டுப் பருவங்களில் நான்கு லீக் பட்டங்கள். 2025இல் லீக்கோடு கோப்பையும். இந்தக் காலத்தின் பெரும்பகுதியில் நாம் அவரைப் பார்த்தது எழுபதாவது நிமிடத்துக்கு மேல்தான். கோட்டோரம் ஓடிக்கொண்டிருப்பவர் மேலங்கியைக் கழற்றுவார். காலுறைக்குள் கணைக்கால் காப்பைச் சரிசெய்துகொண்டே, துணைப் பயிற்சியாளர் நீட்டும் தாளில் கார்னருக்கு எங்கே நிற்பது என்று பார்ப்பார். நான்காவது நடுவரின் பலகையில் பச்சை எண்ணாக 9 ஒளிரும். மீதி இருபது நிமிடத்தில் பந்து காலுக்கு வருவதே ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அதற்குள் பயனுள்ளவராக இருப்பது தனி வித்தை என்பது என் கட்சி.

ஆனால் இருபது வயதில் சாண்டுக்கு இறங்கியவர், இருபத்தைந்துக்குப் பிறகு ஏன் மறுபடி இறங்கவில்லை? நண்பரின் அந்த வரியின் நியாயமான வடிவம் இந்தக் கேள்விதான். எனக்குத் தோன்றும் பதில், அவருக்குப் பின்னால் ஒரு தரை இல்லை என்பது. செர்பியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் தொழில்முறை விளையாட்டு வீரர் ஜெர்மனியில் தங்கி ஆடுவதற்குச் சட்டம் குறைந்தபட்ச ஊதியம் ஒன்றை வகுத்திருக்கிறது. சிறிய பெண்கள் கிளப்புக்கு அது சாதாரணத் தொகையல்ல. ஜெர்மன்காரிக்கோ டென்மார்க்காரிக்கோ ஒரு மோசமான பருவம் வெறும் பருவம்தான். இவருக்கு அது குடியிருப்பு அனுமதி சம்பந்தப்பட்ட விஷயமாகவும் ஆகலாம். முழுநேர மருத்துவக் குழு, உரிய நாளில் சம்பளம், சாம்பியன்ஸ் லீக் எல்லாம் உள்ள இடத்தைக் கூடுதல் நிமிடங்களுக்காக விட்டுவிடச் சொல்வது நமக்கு எளிது. சிறிய அணியின் நிலை எவ்வளவு நிச்சயமற்றது என்பதற்கு சாண்டே சான்று: 2022இல் அது முதல் பிரிவிலிருந்தே இறங்கிவிட்டது.

நாட்டுக்காக ஆடுவதில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. செர்பியப் பெண்கள் அணி இன்றுவரை ஓர் உலகக் கோப்பைக்கோ ஐரோப்பியக் கோப்பைக்கோ தகுதி பெற்றதில்லை. திறமை இல்லாமல் அல்ல. 2022 ஏப்ரலில் பெல்கிரேடை அடுத்த ஸ்தாரா பாசோவாவில் அந்த அணி ஜெர்மனியையே 3-2 என்று வென்றது. இருந்தும் குழுவில் கிடைத்தது மூன்றாம் இடம். ஜெர்மனி நேரடியாகவும், இரண்டாவதாக வந்த போர்ச்சுகல் பிளே-ஆஃப் வழியாகவும் உலகக் கோப்பைக்குப் போயின. நல்ல ஆட்டக்காரர்கள் அனைவரையும் வெளியே அனுப்பிவிட்டு, உள்ளூர் லீக்கை அப்படியே விட்டுவைத்தால், ஒரு மாலை ஜெர்மனியை வெல்லலாம். பத்து ஆட்டத் தகுதிச் சுற்றைத் தாண்ட முடியாது. இதற்கான பொறுப்பு வெளிநாட்டில் ஆடுபவர்களுடையது அல்ல.

நண்பருக்கு ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். 2020 கோடையில் எஸ்ஸனிலிருந்து லியா ஷூலர் வந்து சேர்ந்தபோது, தம்ஞானோவிச் கிளம்பியிருக்கலாம் என்று நானும் அன்று நினைத்தேன். இருபத்தைந்து வயது, எந்த நடுத்தர அணியும் அவரை முதல் பதினொருவரில் வைத்திருக்கும். அவர் போகவில்லை. அந்தப் பருவத்தில்தான் வோல்ஃப்ஸ்பர்க்கின் நான்கு தொடர் பட்டங்களுக்கு பயர்ன் முற்றுப்புள்ளி வைத்தது. போயிருந்தால் அதை வேறேதோ ஓர் ஊரிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்.