படிக்கிற பிள்ளையை மேடையில் எப்படிக் காட்டுவது?

பிள்ளைகள் கொண்டாடும் கதை ஒன்று இசை நாடகமாகிறது என்றாலே ஒரு சண்டை கிளம்பிவிடும். புத்தகத்தில் இருந்ததை விட்டுவிட்டார்கள், இல்லாததைச் சேர்த்துவிட்டார்கள் என்று. இப்படிக் கணக்குப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. சில கதைகளில் புதிதாக ஒன்றைச் சேர்க்காவிட்டால் மேடையில் அந்தக் கதையே செத்துப்போகும். 'மட்டில்டா'வை வைத்தே சொல்கிறேன்.

குழந்தைகளுக்காக எழுதிய பிரிட்டிஷ் எழுத்தாளர் ரோல்ட் டாலின் 1988ஆம் ஆண்டு நாவல் அது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழு 2010 டிசம்பரில் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் இசை நாடகமாக அரங்கேற்றியது. அடுத்த ஆண்டே லண்டன் கேம்பிரிட்ஜ் தியேட்டருக்கு வந்துவிட்டது. நாடகமாக எழுதியவர் டென்னிஸ் கெல்லி, பாட்டும் இசையும் டிம் மின்ச்சின், இயக்கம் மேத்யூ வார்ச்சஸ்.

மட்டில்டாவுக்குப் புத்தகம்தான் உலகம். அப்பா, அம்மா இருவருக்கும் அவள் ஒரு தொல்லை. சரி, படித்துக்கொண்டே இருக்கும் பிள்ளை மேடையில் என்ன செய்யும்? உட்கார்ந்திருக்கும், பக்கத்தைத் திருப்பும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது? இங்கேதான் கெல்லியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. படிக்கிறவளை அவர் கதை சொல்கிறவளாக மாற்றினார். நூலகத்தில் இருக்கும் ஃபெல்ப்ஸ் அம்மையாரிடம் மட்டில்டா கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கதை சொல்லி வருகிறாள். எப்படிக் கட்டிப்போட்டாலும் தப்பித்துவிடும் வித்தைக்காரர் ஒருவர், அந்தரத்தில் சாகசம் செய்யும் அவர் மனைவி, ஒரு குழந்தை இல்லையே என்று இருவரும் படும் ஏக்கம். அம்மையார் "அப்புறம்? அப்புறம்?" என்று தவிக்கிறார். நாவலில் இந்தக் கதையே கிடையாது. ஆனால் சொந்த வீட்டில் யாருக்கும் வேண்டாத ஒரு பெண், பிள்ளைக்காக ஏங்குகிற ஒரு தாய் தகப்பனைத் தானே உண்டாக்கிக்கொள்கிறாள். அவள் எவ்வளவு தனியாக இருக்கிறாள் என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. அந்தக் கதை எங்கே போய் முடிகிறது என்பதை இங்கே சொல்ல மாட்டேன், பார்க்கப் போகிறவர்கள் இருப்பார்கள்.

பாட்டு விஷயத்திலும் இதே அக்கறை தெரிகிறது. பள்ளியின் முதல் நாள். வாசலில் புதுப் பிள்ளைகள் பயந்து நிற்கிறார்கள், பெரிய பிள்ளைகள் அவர்களை மிரட்டிப் பாடுகிறார்கள். அந்த வரிகளுக்குள் ஆங்கில எழுத்து இருபத்தாறும் வரிசையாக ஒளிந்திருக்கின்றன. பள்ளிக் கதவின் கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொரு எழுத்தாகக் கட்டைகளைச் சொருகிக்கொண்டே வருகிறார்கள். பாதிப் பாட்டில் என் மகள் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, ஏ பி சி டி வருது, கவனி!" என்றாள். நான் அதுவரை கவனிக்கவில்லை. எழுத்து கற்கப் போகிற இடத்தில் அந்த எழுத்துகளைக் கொண்டே பயமுறுத்துகிறார்கள் பாருங்கள்.

அப்புறம், பள்ளியின் கொடூரமான தலைமையாசிரியை முன்னால் இருக்கும் தண்ணீர்க் குவளை. கண் பார்வையாலேயே மட்டில்டா அதைக் கவிழ்ப்பதை நாவல், அவள் கண்ணுக்குள் ஏறும் சூட்டைச் சொல்லி எழுதுகிறது. கண்ணில் ஏறும் சூட்டை மேடையில் எப்படிக் காட்டுவது? தலைமையாசிரியையின் கூச்சலுக்கு நடுவே மட்டில்டா பாடத் தொடங்குகிறாள். முதலில் மூச்சு விடாமல் சொற்கள் கொட்டுகின்றன. பிறகு சுற்றியுள்ள இரைச்சல் எல்லாம் அடங்கி, ஒரு சின்னக் குரல் மட்டும் மிஞ்சுகிறது. புத்தகம் மனதுக்குள் செய்ததை இசை காதுக்குச் செய்துவிடுகிறது. பாட்டுக்கு மேடையில் இதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பாரத்தைச் சுமப்பது ஒரு குழந்தை. ஒரே பிள்ளை எல்லா நாளும் நடிக்க முடியாது என்பதால் லண்டனில் நான்கு சிறுமிகள் மாறி மாறி மட்டில்டாவாக நடித்தார்கள். 2012இல் நாடகம், லண்டன் நாடகங்களுக்கான 7 ஒலிவியே விருதுகளை வாங்கியபோது சிறந்த நடிகை விருது அந்த நால்வருக்கும் சேர்த்துத்தான் போனது.

இதே டாலின் 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி'யும் 2013இல் லண்டனில் சாம் மெண்டஸ் இயக்கத்தில் இசை நாடகமானது. சாக்லேட் தொழிற்சாலையைப் பார்க்கப் போகும் ஐந்து பிள்ளைகளில் சார்லியைத் தவிர மற்ற நால்வரும் தங்கள் அடாவடியால் ஒவ்வொருவராக மாட்டிக்கொள்ளும் கதை அது; அதில் ஒரு சிறுமி உருண்டையாக வீங்கிப்போவாள். 2017இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேக்குப் போனபோது நிறைய மாற்றினார்கள். சார்லியாகக் குழந்தைகளை வைத்துக்கொண்டு, மற்ற நான்கு அடாவடிப் பிள்ளைகளாகப் பெரியவர்களை நடிக்கவிட்டார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத முடிவு. அந்தக் கதையின் குறுகுறுப்பே, நம் வயதுப் பிள்ளைக்கு இப்படி ஆகிறதே என்று படிக்கிற குழந்தை நடுங்குவதில்தான் இருக்கிறது. வளர்ந்த ஆள் ஒருவர் உருண்டையாக வீங்கினால் அது வெறும் வேடிக்கை. ஓராண்டு நிறைவதற்குள், 2018 ஜனவரியில் பிராட்வேயில் அது முடிந்துபோனது. இது மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் பிள்ளைகளின் பயத்தை நம்பாத ஒரு நாடகத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

'மட்டில்டா'விலும் குறை உண்டு. மின்ச்சின் சொற்களை அள்ளி வீசுகிறார். குழந்தைகள் கூட்டமாகப் பாடும்போது முதல் தடவை கேட்கிறவருக்குப் பாதி வரிகள் பிடிபடுவதில்லை. ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கு இன்னும் சிரமம். கூட்டிப் போகிறவர்கள் முதலில் நாவலைப் படிக்கக் கொடுங்கள், பாட்டுகளையும் முன்கூட்டியே வீட்டில் ஓடவிடுங்கள். இரண்டாம் பாதி தொடக்கத்தில் பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே, பெரியவர்களானதும் என்னவெல்லாம் செய்வோம் என்று பாடும் பாட்டை மட்டும் அவர்கள் அங்கேயே முதல்முறையாகக் கேட்கட்டும்.